அந்தப் பால்காரர் வீட்டுக்கு யாராச்சும் போனீங்களா?

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுப் பாத்தா முக்கால்வாசி ஒரே சமாச்சாரந்தான். அதனால மாமியார் கேள்வி, பேங்க் கேள்வி, மத்ததெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

வெளியூர்ல இருந்து படிக்கறவங்களுக்காக நடந்தத சொல்லிடறேன். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வெள்ளன அஞ்சேகால் மணி இருக்கும், கேரளா-தமிழ்நாடு பார்டர்ல இருக்கற கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சி போற ரோட்டுல ஒரு கார் டிவிஎஸ் எக்செல் மேல ஏறிடுச்சு. எக்செல்ல போனவரு பால்காரர், நாப்பத்தேழு வயசு, வீடு கேரளா பக்கம், மாடு கட்டியிருக்கற தோப்பு தமிழ்நாட்டுப் பக்கம், தெனமும் அந்நேரத்துக்கு பால் கறக்கப் போறவரு, அந்த எடத்துலயே உசுரு போயிடுச்சு. காரை ஓட்டுனது நம்ம பக்கத்து செவன்ஸ் பிளேயர் (செவன்ஸ்னா டீமுக்கு ஏழு பேரு ஆடற ஃபுட்பால்), இருபத்திமூணு வயசு, மேட்சுக்கு இவ்வளவுன்னு காசு பேசி மலப்புறம் பாலக்காடுன்னு ராத்திரி ராத்திரி ஆடப் போற பையன், முந்தின நாள் ஃபைனல் ஜெயிச்சு பார்ட்டி முடிச்சுட்டு வந்திருக்கான். கால் ஒடஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கறான். ரத்தத்துல அளவுக்கு மேல ஆல்கஹால் இருந்துச்சுன்னு கேஸ் ஆயிருக்கு. கேஸ் கோர்ட்டுல இருக்கறதால பேரு, டீமு எதையும் நான் எழுதப்போறதில்ல.

கேள்வி: அக்கா, எங்க குரூப்பே ரெண்டா ஒடஞ்சு போச்சு. ஒரு பக்கம் 'சின்னப் பையன், ஒரே ஒரு தப்பு, கரியரே போயிடும், விட்டுருங்கடா'ன்றாங்க. இன்னொரு பக்கம் 'தூக்குல போடு'ன்றாங்க. அண்ணன் தம்பியா இருந்தவனுங்க எல்லாம் பேசிக்கறதில்ல. நீங்க எந்தப் பக்கம்? – கொழிஞ்சாம்பாறை வாசகர்

தம்பி, நீங்க அனுப்புன ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் உக்காந்து ஒண்ணு விடாம படிச்சேன். அந்தப் பையனோட கோல் வீடியோ இருக்குது, அவன் அம்மா ஆஸ்பத்திரி வாசல்ல அழுகற போட்டோ இருக்குது, அவனத் திட்டி வாய்ஸ் மெசேஜ் இருக்குது, இன்சூரன்ஸ் காரங்கள திட்டி இருக்குது, பால்காரர் பேரு மட்டும் ஒரு எடத்துலயும் இல்ல. விட்டுருன்னு சொல்றவங்களும் அவனப் பத்தித்தான் பேசறாங்க, தூக்குல போடுன்னு சொல்றவங்களும் அவனப் பத்தியேதான் பேசறாங்க.

நான் போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். பஸ் ஸ்டாப்புல பத்தடி ஃபிளெக்ஸ், ஜெர்சி போட்ட போட்டோ, 'மீண்டு வா வீரனே'ன்னு போட்டு கீழ முப்பது பேரு தலை. அதுக்குப் பக்கத்து ஈபி போஸ்டுல ஒரு ஏ4 தாளு, ஜெராக்ஸ் எடுத்த கண்ணீர் அஞ்சலி, மழையில மை எறங்கி பாதி மூஞ்சி தெரியல. ரேஷன் கார்டு போட்டோவையே பெருசு பண்ணிப் போட்டிருக்காங்க போல, மனுசன் அதுல சிரிக்கக்கூட இல்ல. ரெண்டையும் ஒட்டுனது ஒரே ஊர்க்காரங்கதான். யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல, அதுவும் எனக்குத் தெரியுது, ஆனா பாத்துட்டு வந்து ரெண்டு நாள் எனக்கு சோறு எறங்கல.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கறதுன்னு நெனைக்காதீங்க. 2009ல அமெரிக்காவுல ஒரே மாசத்து எடைவெளியில ரெண்டு விபத்து நடந்துச்சு. மார்ச்ல மயாமியில டான்டே ஸ்டால்வொர்த்னு ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் பிளேயர், காலைல ஏழு மணி வாக்குல கார ஓட்டிட்டு வர்றாரு, 100 மில்லி ரத்தத்துல 126 மில்லிகிராம் ஆல்கஹால், அந்த ஊரு லிமிட் 80. நைட் ஷிஃப்ட் முடிச்சு பஸ்ஸப் புடிக்க ரோட்ட கிராஸ் பண்ண ஒரு கிரேன் ஆப்பரேட்டர் மேல மோதி அவரு செத்துட்டாரு. பிளேயர் ஓடிப் போகல, அங்கயே நின்னு போலீசுக்கு அவரே போன் பண்ணாரு, தப்ப ஒத்துக்கிட்டாரு, குடும்பத்துக்கு பணமும் செட்டில் பண்ணாரு. ஜெயில் தண்டனை 30 நாள். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் வீட்டுக் காவல், லைசென்ஸ் வாழ்நாளுக்கும் கட், லீக் ஒரு சீசன் முழுசா தடை போட்டுச்சு. 2010ல திரும்ப ஆட வந்துட்டாரு.

அடுத்த மாசமே, ஏப்ரல் 9, கலிஃபோர்னியாவுல நிக் ஏடன்ஹார்ட்னு 22 வயசு பேஸ்பால் பையன். முந்தின நாள் ராத்திரி ஆறு இன்னிங்ஸ் பந்து போட்டு ஒரு ரன்னு கூட குடுக்காம வந்தவன், சில மணி நேரத்துல குடிச்சுட்டு வந்த ஒருத்தன் சிக்னல மீறி மோதி செத்துட்டான், கூட வந்தவங்கள்ல ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஸ்டேடியத்துக்கு வெளிய ஜனங்க பூவும் தொப்பியும் கொண்டாந்து வெச்சு அந்த சீசன் பூரா அந்த எடம் கோயிலாட்டம் இருந்துச்சு. ஓட்டுனவனுக்கு 51 வருஷத்துல இருந்து ஆயுள் வரைக்கும் தண்டனை. அவன் ஏற்கனவே குடிச்சுட்டு ஓட்டி தண்டனை வாங்குனவன், செத்தது மூணு பேரு, கொலைக் கேஸாவே நடந்துச்சு, மாநிலமும் வேற, அதனால ரெண்டையும் தராசுல வெச்சு நிறுக்கறது சரியில்லைன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் ஜனங்க பக்கத்தப் பாருங்க, பிளேயர் செத்தா பேரு தெரியுது, பிளேயரால செத்தவரு பேரு தெரியல. அந்த கிரேன் ஆப்பரேட்டருக்கும் பொண்டாட்டி இருந்தாங்க, பள்ளிக்கூடம் போற மக இருந்துச்சு.

ஏடன்ஹார்ட் விஷயத்துல இன்னொண்ணு, இது எனக்கு மறக்கவே மாட்டேங்குது. அதே வருஷம் செப்டம்பர்ல அந்த டீமு டிவிஷன் ஜெயிச்சப்ப, செத்துப் போன பையனோட ஜெர்சிய எடுத்து வெச்சு அது மேல பீரும் ஷாம்பெயினும் ஊத்திக் கொண்டாடுனாங்க. அவனையும் கூட்டத்துல சேத்துக்கணும்னு பாசத்துலதான் பண்ணாங்க. குடிச்சவன் வண்டியில செத்தவனோட சட்டை மேல சாராயத்த ஊத்தறோமேன்னு அந்த நேரத்துல அங்க யாருக்கும் உறைக்கல. ஜெயிச்சா ஊத்தணும்ங்கறது அவ்வளவு ஆழமா போயிருக்கு பாருங்க. நம்ம பக்கத்துலயும் அதேதான், கப்பு வாங்குன கையோட கேஸ் கேஸா பாட்டில் எறக்கறது யாரு, கமிட்டிக்காரங்க, ஸ்பான்சரு, நம்மளாட்டம் ரசிகருங்க.

மன்னிச்சு விட்டுருங்கன்னு உங்க குரூப்புல ஒரு பக்கம் சொல்றாங்கல்ல, அதப் பத்தியும் சொல்லிடறேன். 2012 டிசம்பர்ல டல்லஸ் பக்கத்துல ஜாஷ் ப்ரென்ட்ங்கற பிளேயர் குடிச்சுட்டு ஓட்டி கார் கவுந்து கூட உக்காந்திருந்த சக பிளேயர் ஜெர்ரி பிரவுன் செத்துட்டாரு, ரெண்டு பேரும் காலேஜுல இருந்தே சினேகிதங்க. செத்தவரோட அம்மா, அந்தப் பையனயே நினைவஞ்சலிக்கு பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டாங்க, அப்புறம் கோர்ட்டுலயும் அவனுக்காக பேசுனாங்க. ஜூரி 180 நாள் ஜெயிலும் பத்து வருஷ புரொபேஷனும் குடுத்துச்சு. அதே சமயம் அந்த டீமு விபத்து நடந்த மறு வாரமே அவன மேட்சுக்குக் கூட்டிட்டு வந்து மைதானத்தோரம் நிக்க வெச்சப்ப ஜனங்க கொதிச்சுப் போயிட்டாங்க. எனக்கு ரெண்டும் நியாயமாத்தான் படுது. பெத்தவ மன்னிச்சா அது அவ பாக்கியம், அந்த உரிமை அவளுக்கு இருக்குது. டீமுக்கு அந்த உரிமை இல்ல, உங்க குரூப்புக்கும் இல்ல, எனக்கும் இல்ல. பால்காரரோட சம்சாரம் என்ன நெனைக்கறாங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா? நான் போனப்ப அந்தம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணு, 'சொசைட்டியில கேன் கெடக்குது, யாராச்சும் எடுத்துக் குடுத்தா தேவலை'ன்னு. முந்தின நாள் பொழுதோட பால் ஊத்திட்டு கழுவிக் கவுத்து வெச்சுட்டு வந்த கேனு. ஊரே பேசுது, அஞ்சு வாரமா ஒரு கேன எடுத்துக் குடுக்க ஆளில்ல.

நான் எந்தப் பக்கம்னு கேட்டீங்கல்ல தம்பி, அந்தம்மா பக்கம். குரூப்புல இருக்கற ரெண்டு கட்சியும் சேந்து ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போயிட்டு வாங்க, மாடு மூணு நிக்குது, தீவனத்துக்கே தகராறு. (கேன நானே எடுத்துக் குடுத்துட்டேன், அதுக்காகப் போகாதீங்க.)

கேள்வி: அவன் குடிச்சது ராத்திரி பன்னண்டு மணியோட முடிஞ்சுது, அதுவும் கள்ளும் பீரும்தான், ரெண்டு மூணு மணி நேரம் தூங்கி எந்திரிச்சுத்தான் வண்டிய எடுத்தான்னு கூட இருந்தவங்க சொல்றாங்க. அப்புறம் எப்படி மெஷின்ல காட்டும்? – வேலந்தாவளத்துல இருந்து ஒரு வாசகர்

நல்ல கேள்வி, இத ஒவ்வொரு ஓட்டுனரும் தெரிஞ்சுக்கணும். உடம்பு ஆல்கஹால கரைக்கறது ஒரே மாதிரி மெதுவாத்தான், சராசரியா மணிக்கு 100 மில்லி ரத்தத்துக்கு ஒரு 15 மில்லிகிராம், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னப் பின்ன. ராத்திரி பன்னண்டு மணிக்கு ஒருத்தன் 120ல இருக்கான்னு வெச்சுக்கங்க, காலைல அஞ்சு மணிக்கு 75 போயிருக்கும், 45 மிச்சம். நம்ம நாட்டு லிமிட் 30. அவன் மூஞ்சி கழுவி, டீ குடிச்சு, நேரா நடந்து வந்து சாவியப் போடறான், ஆனா சட்டப்படி இன்னும் குடிச்சவந்தான். தூக்கம் அத வேகப்படுத்தாது, மோரு, எலுமிச்சை, பச்சத் தண்ணி எதுவும் வேகப்படுத்தாது. அது மேல அரைத்தூக்கம் வேற, ரெண்டும் சேந்தா கை கால் சொணங்கிப் போயிடும்.

கள்ளு விஷயம். நம்ம பாலக்காட்டு சித்தூர் பக்கத்துத் தோப்புல எறக்கற கள்ளு, ஷாப்புல லைசென்ஸோட விக்கறது, ஆத்தைத் தாண்டுனா தமிழ்நாட்டுல 1987ல இருந்து தடை. அதனால அந்தப் பக்கத்து ஆளுங்க இதுக்குன்னே வண்டி கட்டி வர்றாங்க, இங்க ஒண்ணாந்தேதி டிரை டேன்னா நம்ம ஆளுங்க அந்தப் பக்கம் டாஸ்மாக்குக்குப் போறாங்க. குடிக்க ஒரு ஸ்டேட்டு, தூங்க ஒரு ஸ்டேட்டு, நடுவுல இருட்டு ரோடு. நம்ம பார்டர் ரோட்டுல ராத்திரி ஏன் இவ்வளவு விபத்துன்னு கேக்கறவங்க இத யோசிக்கணும். கள்ளு உணவுதானேன்னு சொல்றவங்களோட நான் சண்டை போடல, அது வேற பேச்சு, ஆனா கள்ளுல இருக்கற ஆல்கஹாலும் ஆல்கஹால்தான், ரத்தத்த எடுத்துப் பாத்தா பனங்கள்ளு தென்னங்கள்ளு பிராந்தின்னு பிரிச்சுக் காட்டாது.

கேள்வி: பணம் இருந்தா என்ன வேணா பண்ணலாம்னு ஆகிப்போச்சு. சட்டத்துல ஒண்ணும் இல்லீங்களா? அஞ்சாறு மாசத்துல வெளிய வந்து திரும்ப ஆடுவான் பாருங்க. – மீனாட்சிபுரம் வாசகர்

உங்க கோபம் புரியுது. சட்டத்துல இருக்குது. குடிச்சுட்டு ஓட்டுனதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 185, மொத தடவைக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லைனா பத்தாயிரம் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். உயிர் போனதுக்கு பழைய சட்டத்துல 304ஏ, ரெண்டு வருஷந்தான் மேக்ஸிமம். 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துல அது 106, அஞ்சு வருஷம் வரைக்கும். ஆனா 'இப்படி ஓட்டுனா ஆளு சாவான்னு தெரிஞ்சே ஓட்டுனான்'னு நிரூபிச்சா அது கொலையாகாத மரணத்துக்குள்ள போயிடும், பத்து வருஷம் வரைக்கும் குடுக்கலாம். மும்பை பாந்த்ராவுல 2006ல பிளாட்ஃபாரத்துல தூங்கிட்டிருந்த ஏழு கூலிக்காரங்க மேல கார் ஏறுன அலிஸ்டர் பெரேரா கேஸு அப்படித்தான் போச்சு, கீழ் கோர்ட்டு ஆறு மாசம் குடுத்தத ஹைகோர்ட்டு மூணு வருஷமாக்குச்சு, 2012ல சுப்ரீம் கோர்ட்டு அத உறுதி பண்ணுச்சு. ஏழு உயிருக்கு மூணு வருஷமான்னு கேப்பீங்க, நானும் அதையேதான் கேக்கறேன்.

எந்தக் கேஸும் நிக்கறதும் விழுகறதும் மொத சில மணி நேரத்துலதான். இங்கிலாந்துல லீ ஹியூஸ்னு ஒரு ஃபுட்பால் பிளேயர், 2003ல விபத்து பண்ணி ஒருத்தர் செத்துட்டாரு, இவரு எடத்த விட்டு ஓடிப் போயி 36 மணி நேரம் கழிச்சுத்தான் போலீசுல ஆஜரானாரு. அதுக்கப்புறம் எத ஊதச் சொல்லி என்னத்த அளக்கறது? ஆறு வருஷம் தண்டனை கெடச்சது ஆபத்தா ஓட்டுனதுக்கு. மூணு வருஷத்துல வெளிய வந்து 2007ல வேற கிளப்புல சேந்தாரு, கோலும் போட்டாரு. நம்ம திருவனந்தபுரத்துல 2019 ஆகஸ்ட்ல பத்திரிகைக்காரர் கே.எம்.பஷீர் செத்தப்ப, கார்ல இருந்த அதிகாரிக்கு ரத்தம் எடுக்க இவ்வளவு நேரம் ஏன் ஆச்சுன்னுதான் கேரளாவே கேட்டுச்சு. புனேவுல 2024 மே மாசம் போர்ஷே கார் மோதி ரெண்டு ஐடி பசங்க செத்த கேஸ்ல 300 வார்த்தைக்கு கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் குடுத்ததுல நாடே கொதிச்சுச்சு, அப்புறம் ரத்த சாம்பிளையே மாத்துனாங்கன்னு டாக்டருங்கள கைது பண்ணாங்க. ஜனங்க சத்தம் போட்டதுலதான் அந்தக் கேஸ தோண்டுனாங்கன்னு நான் நெனைக்கறேன். அதனால சத்தம் போடறது வேண்டாம்னு சொல்ல மாட்டேன். 'தூக்குல போடு'ன்னு போடற சத்தத்துல யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல, 'ரத்தம் எத்தன மணிக்கு எடுத்தீங்க, சீல் வெச்சீங்களா, எஃப்ஐஆர்ல எந்த செக்‌ஷன் போட்டீங்க'ன்னு கேளுங்க, அதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும்.

கரியர் பத்தி. அமெரிக்காவுல ஹென்ரி ரக்ஸ்னு ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் பையன், 2021 நவம்பர்ல லாஸ் வேகாஸ்ல மணிக்கு 156 மைல், நம்ம கணக்குல 250 கிலோமீட்டருக்கு மேல, ரத்தத்துல 161. முன்னாடி போன கார்ல இருந்த 23 வயசுப் பொண்ணும் அவளோட நாயும் தீயில மாட்டி செத்துப் போனாங்க. அன்னைக்கு ராத்திரியே டீமு அவன வெளிய அனுப்பிடுச்சு, 2023ல மூணுல இருந்து பத்து வருஷம் தண்டனை. அன்னைக்குக் கூட பாதிப் பேரு எழுதுனது 'எவ்வளவு டேலன்டு, இப்படி வீணாப்போச்சே'ன்னு. அந்தப் பொண்ணுக்கும் அவனுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

கேள்வி: டாஸ்மாக்கும் பெவ்கோவும் (கேரளா சர்க்கார் மதுக்கடை) மூடிட்டா எல்லாம் சரியாயிடுமா? – சித்தூர் வாசகர்

மெயின் ரோட்டோரக் கடைய மூடச் சொல்லி 2016 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு ஆர்டர் போட்டுச்சு, அந்தக் கேஸே தமிழ்நாடு அரசுக்கும் கே.பாலு வக்கீலுக்கும் நடந்ததுதான், ஹைவேயில இருந்து 500 மீட்டருக்குள்ள கடை இருக்கக் கூடாதுன்னு. அப்புறம் சின்ன ஊருக்கு 220 மீட்டர், டவுனுக்குள்ள பொருந்தாதுன்னு தளர்த்திட்டாங்க. கடை தள்ளிப் போனதுல கொஞ்சம் நல்லது இருக்கும்னு நம்பறேன். ஆனா நம்ம கேஸ்ல பாட்டில் கிரவுண்டுக்கே வந்துச்சுங்க.

கேள்வி: சேச்சி, என்ற மகன் பத்தொம்பது வயசு, செவன்ஸ் ஆடறான், நல்லா ஆடறான்னு எல்லாரும் சொல்றாங்க. ராத்திரி ஒம்போது மணிக்கு மேட்சு, வீட்டுக்கு வர ரெண்டு மூணு ஆகுது. இந்த விபத்துக்கு அப்புறம் எனக்குத் தூக்கமே போச்சு. ஆடாதேன்னு சொல்லவும் மனசு வரல. என்ன பண்றது? – பேர் வேண்டாம், கோவிந்தாபுரம்

அம்மா, ஆடட்டும். ஆட்டத்த நிறுத்த வேண்டாம், வண்டிய மட்டும் புடிச்சுக்குங்க.

நான் ஒண்ணு சொல்றேன், இது வரைக்கும் இந்தப் பக்கத்துல எழுதுனது இல்ல. எங்க தம்பி வாலிபால் ஆடுவான், டிஸ்ட்ரிக்ட் வரைக்கும் போனவன். பதினாறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மேட்சு ஜெயிச்சுட்டு வீட்டுக்கு வந்தான், கண்ணு செவந்திருந்துச்சு, வாடை வந்துச்சு, எனக்குத் தெரிஞ்சுது. கூட்டாளிய கொண்டு போயி விட்டுட்டு வந்துடறேன் சாவியக் குடுன்னான். அப்பா எந்திரிச்சா சத்தம் போடுவாரு, ராத்திரி நேரத்துல ரகளை வேண்டாம்னு நெனச்சேன். சாவி ஆணியில மாட்டியிருந்துச்சு, எடுத்துக் குடுத்தது நாந்தான். புல்லுக்கட்டு தூக்கிட்டு ரோட்டோரமா வந்த ஒரு ஆத்தா மேல போயி விட்டுட்டான். உசுருக்கு ஒண்ணும் ஆகல, இடுப்பு எலும்பு போயிடுச்சு, அதுக்கப்புறம் அவங்க சாகற வரைக்கும் குச்சி இல்லாம நடக்கல. தம்பி காசு குடுத்தான், கால்ல விழுந்தான், கேஸும் நடந்துச்சு, குடிக்கறதயும் விட்டுட்டான். ஆனா சாவி குடுத்தவ மேல யாரும் கேஸ் போடலையே. பொங்கலுக்குப் பொங்கல் சேலையும் வெல்லமும் எடுத்துட்டு அந்த ஆத்தாவப் பாக்கப் போவேன், 'வா சாமி'ன்னு கூப்புடுவாங்க, திண்ணையில எடம் விட்டு நகந்து உக்காருவாங்க, அந்த நகந்து உக்கார்றதுக்கே அவங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகும். அதப் பாத்துட்டு நிக்கற கஷ்டம் இருக்கே அம்மா, அது எந்தப் பொம்பளைக்கும் வேண்டாம்.

அதனால சொல்றேன், ரகளை ஆகட்டும், ஊரு கேக்கட்டும், சாவிய மடியில கட்டிக்கங்க. உங்க மகன் டீமு மேனேஜர்கிட்ட நேராப் பேசுங்க. வெளிநாட்டு பிளேயருங்கள ஆப்பிரிக்காவுல இருந்து கூட்டியார காசு இருக்குது, ஜீப்புக்கு ஒரு டிரைவர் சம்பளம் குடுக்க காசு இல்லையான்னு கேளுங்க. ஆடி முடிச்ச பசங்க, குடிக்கலைன்னாலுமே, ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்பு அசந்துதான் இருப்பாங்க, அவங்கள ஸ்டியரிங்க புடிக்க விடறதே தப்பு. 'எல்லா மேட்சுக்கும் குடிக்காத டிரைவர் ஒருத்தர் வரணும், இல்லைனா என்ற பையன் வரமாட்டான்'னு நாலு அம்மாமாரு சேந்து சொன்னீங்கன்னா டீமு கேக்கும், நல்லா ஆடற பசங்கள விட அவங்களுக்கு மனசு வராது.

கேள்வி: செத்தவரு என்ற அக்கா வீட்டுக்காரரு. நீங்க வந்துட்டுப் போனீங்கன்னு அக்கா சொன்னா. விபத்து தமிழ்நாட்டுல, வீடு கேரளாவுல, கேஸுக்குப் பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் அலைய முடியாதுன்னு விட்டுறலாம்னு இருக்கறோம். ஓட்டுனவன் குடிச்சிருந்ததால இன்சூரன்ஸும் கெடைக்காதுன்னு ஒருத்தர் சொல்றாரு. – கோபாலபுரம் பக்கத்துல இருந்து

விட்டுறாதீங்க கண்ணு. மொதல்ல, ரெண்டும் தப்பான தகவல்.

இழப்பீட்டு மனுவ விபத்து நடந்த எடத்துல மட்டுந்தான் போடணும்னு இல்ல, நீங்க குடியிருக்கற எடத்து டிரிப்யூனல்லயே போடலாம், மோட்டார் வாகனச் சட்டம் 166ல அப்படித்தான் இருக்குது. பாலக்காட்டுலயே எம்ஏசிடி கோர்ட்டு (விபத்து இழப்பீட்டுக் கேஸ் பாக்கற டிரிப்யூனல்) இருக்குது, மலையாளத்துல எழுதித் தருவாங்க, தமிழ்ல பேசற வக்கீலும் இருக்காங்க. கிரிமினல் கேஸு தமிழ்நாட்டுல தனியா நடக்கும், அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட வேண்டாம், அது முடியட்டும்னு காத்திருக்கவும் வேண்டாம். ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு திருத்தம் வந்திருக்கறதால நாளக் கடத்தாதீங்க.

அப்புறம் இன்சூரன்ஸ். ஓட்டுனவன் குடிச்சிருந்தது இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அவனுக்கும் உள்ள தகராறு. ரோட்டுல போன மூணாவது மனுசனுக்கு கம்பெனி மொதல்ல பணத்தக் கட்டணும், அப்புறம் வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும், கோர்ட்டுங்க பொதுவா இப்படித்தான் ஆர்டர் போடறாங்க. 'கெடைக்காது'ன்னு சொன்னவரு யாருன்னு பாருங்க, கொஞ்சத்துக்கு பேசி முடிச்சுக்கலாம்னு அடுத்த பேச்சு எடுத்தாருன்னா வெத்துத் தாளுல அக்காவ எதுலயும் கையெழுத்துப் போட விடாதீங்க.

கணக்கு எப்படின்னு தெரிஞ்சா தைரியம் வரும். நாப்பத்தேழு வயசுக்கு மல்ட்டிப்ளையர், அதாவது வருஷ வருமானத்தப் பெருக்கற எண், 13, சொந்தத் தொழில்ல இருந்தா வருமானத்தோட 25 சதவீதம் சேத்துக்குவாங்க. செலவு போக மாசம் 15,000 சம்பாரிச்சாருன்னு நிரூபிச்சா அது 18,750 ஆகும், பொண்டாட்டி, ரெண்டு கொழந்தைங்க, அவங்க அம்மான்னு நாலு பேரு நம்பி இருக்கறதால கால் பங்க அவரு சொந்தச் செலவுன்னு கழிச்சுட்டு, பன்னண்டு மாசம், பதிமூணால பெருக்குனா 21 லட்சத்து 93 ஆயிரத்து 750 வருது. சாவுச் செலவு, மத்ததுக்கெல்லாம் தனி. பணம் அவரத் திருப்பிக் கொண்டாராது, எனக்குத் தெரியும், ஆனா பசங்க படிக்கணும், மாட்ட விக்காம இருக்கணும்.

வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம், பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100க்குப் போன் பண்ணுங்க, இல்ல தாலுக்கா கோர்ட்டுல சட்ட உதவி மையத்துல நேராப் போயிக் கேளுங்க.

எடுத்து வெக்க வேண்டியது: எஃப்ஐஆர் காப்பி, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டு, ஆதார், ரேஷன் கார்டு, வாரிசுச் சான்று. வருமானத்துக்கு சம்பளச் சீட்டு இல்லையேன்னு கவலப்படாதீங்க, பால் சொசைட்டி பாஸ்புக் இருக்குதில்ல, நான் வந்தப்ப அக்கா சாமி படத்துக்குப் பின்னாடி இருந்து எடுத்துக் காட்டுனா. தேதி, லிட்டரு, ஃபேட்டு, தொகை, ஒரு நாள் விடாம எழுதியிருக்கு, அதுதான் உங்களுக்குப் பெரிய சாட்சி. கடைசி என்ட்ரி சனிக்கிழமை பொழுதோட, ஆறரை லிட்டர். அந்தப் பக்கத்த லேமினேட் பண்ணப் போறேன்னு சின்னவன் சொன்னான், பண்ண வேண்டாம்னு சொல்லுங்க, கோர்ட்டுல ஒரிஜினலாட்டமே காட்டணும். செவ்வாய்க்கிழமை நான் பாலக்காடு போறேன், எட்டரை மணி பஸ்ஸு, அக்காவ பாஸ்புக்கோட ஸ்டாப்புல நிக்கச் சொல்லுங்க.